மிட்டாபோனி சாலையில் வைத்த சலாம்

வயூவா முதன்முதலாக அந்தச் சைக்கிளில் ஏறி வேன் ஸ்டாண்டைக் கடந்த காலையில், வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன்கூடத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். எங்கள் ஊர் மச்சாகோஸில் சைக்கிள் புதிதல்ல. தண்ணீர் கேன் கட்டிய சைக்கிள், கோழிக்கூடை கட்டிய சைக்கிள், கரிமூட்டையைச் சுமந்து பின் சக்கரம் நசுங்கிப்போன சைக்கிள் என்று எல்லாம் உண்டு. ஆனால் நாற்பதைத் தொட்ட ஒருத்தி, முட்டிவரை இறுகிய கால்சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, பின்னால் எதையும் கட்டாமல் குனிந்து மிதித்துப் போவதை ஸ்டாண்டு அதுவரை பார்த்ததில்லை.

"கசீவா அம்மா, எங்க இவ்ளோ அவசரமா?" என்று அவள் பிள்ளையின் பெயரால் அவளைக் கூப்பிட்டுக் கத்தினான் கிதேக்கா.

"மலைக்கு."

"மலையில யாரு செத்தா?"

"யாரும் சாகல. மேல போயிட்டுக் கீழ வருவேன்."

"கீழ வர்றதுக்கு எதுக்கு மேல போகணும்? இப்பவே கீழதான இருக்க!"

ஸ்டாண்டே சிரித்தது. வயூவாவும் சிரித்துக்கொண்டேதான் போனாள். கிதேக்கா அப்படிப் பேச உரிமை உள்ளவன். அவள் கணவன் முசெம்பியும் அவனும் ஒரே பழைய வேனில் ஸ்டியரிங் பழகியவர்கள். இருவரும் மிட்டாபோனி சாலையில் வேன் ஓட்டினார்கள். வயூவாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் கிதேக்காதான். அவனுடைய கடைசிப் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், முசெம்பி ஓட்டிய வேனின் பின் சீட்டில், வயூவாவின் மடியில் பிறந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அவளுடைய பக்கத்துக் கடைக்காரி. பள்ளிச் சீருடை தைக்கிறேன். அவள் முடி பின்னுகிற கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். அவள் பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும்.

முடி பின்னுவது நின்றே செய்கிற வேலை. ஒரு தலையை முடிக்க அரை நாள் ஆகும். மாலையில் அவள் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது. அவள் சைக்கிளுக்கு வந்தது கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த முட்டிசோவால். ஒரு நாள் சந்தையில் ஏதோ வாங்கப் போனவன், தன் பந்தய சைக்கிளை அவள் கடைக்குள் நிறுத்திவிட்டுப் போனான். திரும்பி வந்து பார்த்தால் சைக்கிளும் இல்லை, வயூவாவும் இல்லை. நாற்காலியில் பாதித் தலை பின்னிய ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வயூவா சந்தைக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். சிறு பிள்ளையாகத் தண்ணீர் கேன் கட்டி மிதித்ததற்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொட்டதே இல்லை.

"இது காத்துல செஞ்சதா முட்டிசோ? கனமே இல்லையே!" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பழைய சாமான் சந்தையில் தனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டாள். முட்டிசோ, ஒரு நர்ஸ், ஒரு தானியக் கடைக்காரர், இன்னும் சிலர் சேர்ந்த கூட்டம் அது. ஞாயிறு விடியலில் கிளம்பி மலையேறி, மிட்டாபோனிப் பக்கம் இறங்கி, டீ குடித்துவிட்டு, சர்ச்சில் இரண்டாம் ஆராதனைக்கு முன் திரும்பிவிடுவார்கள்.

"அப்படி என்னடி இருக்கு அதுல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஏறும்போது ஒண்ணுமில்ல. என்னையே திட்டிக்கிட்டு ஏறுவேன். இறங்கும்போது பாரு, அந்தக் கொஞ்ச நேரம் என் கையில யாரோட தலையும் இல்ல."

ஆனால் அந்தச் சாலை அவர்களுக்கு மட்டும் போட்டதல்ல. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று ஓரம் கட்ட வேண்டும். ஞாயிறு என்றால் கோவிலுக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் வேனுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, "ஓட்டுப்பா, ஓட்டு" என்று டிரைவரின் முதுகுக்குப் பின்னால் கத்துவார்கள். முன்னால் பார்த்தால் இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில், பேசிச் சிரித்துக்கொண்டு போகும். முசெம்பி இதை வீட்டில் பல முறை சொல்லியிருக்கிறான்.

"உங்களுக்கு அது விளையாட்டு. எங்களுக்கு அது பொழப்பு. வேலைக்குப் போறவன் சைக்கிள்ல போனா ஒதுங்கி வழி விடுறான். நீங்க என்ன ராஜா வீட்டு ஊர்வலமா?"

"ஒதுங்கினா பள்ளம்."

"அப்ப வேற ரோட்டுல ஓட்டு."

"வேற மலை வாங்கிக் குடு."

சிரிப்பில்தான் முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முடியவில்லை. இறக்கத்தில் ஒரு வேன் பின்னால் வந்து, அவள் காதோடு காதாக ஹார்னை அழுத்தி, முழங்கையைக் கண்ணாடி உரசும்படி ஒட்டிக்கொண்டு போனது. அவள் சைக்கிள் பள்ளத்தின் விளிம்பில் தடுமாறி எப்படியோ நின்றது. வேனிலிருந்து கண்டக்டரின் சிரிப்பு கேட்டது. வண்டி யாருடையது என்று பார்க்கும் நிலையில் அவள் இல்லை. நேராக என் கடைக்கு வந்து, துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தாள். முழங்கைத் தோல் உரிந்திருந்தது.

அன்றைக்குத்தான் அந்த விளையாட்டின் பெயர் அவளுக்குத் தெரிந்தது. ஸ்டாண்டில் அதற்கு 'சலாம்' என்று பேர். சைக்கிள்காரன் பக்கத்தில் எவ்வளவு நெருங்கிப் போய் ஹார்ன் அடித்து அவனை ஆட வைக்கிறோம் என்பதுதான் ஆட்டம். மாலையில் டீ குடிக்கும்போது, இன்றைக்கு யார் யாருக்குச் சலாம் வைத்தோம் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் முசெம்பியிடம் முழங்கையைக் காட்டினாள். அவன் முகம் கறுத்தது.

"இனிமே நடக்காது," என்றான். "நான் பேசிக்கிறேன்."

அவன் சொன்னபடியே நடந்தது. அதற்குப் பிறகு எந்த வேனும் அவள் அருகில் வரவில்லை. தூரத்திலேயே லேசாக ஹார்ன் தொட்டு, எதிர்ப்பக்கம் விலகி, கை காட்டிவிட்டுப் போனார்கள். "பேசினா கேக்குறாங்க பாரு, நம்ம ஜனங்க நல்லவங்கதான்," என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

மழை தொடங்கும் முன் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் மலையைக் கடந்து இறங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். முன்னால் முட்டிசோ, கொஞ்சம் பின்னால் வயூவா. அவளுக்குப் பின்னால் ஒரு வேன் வந்தது. ஹார்ன் மெல்லத் தொட்டது. வேன் நன்றாக விலகி அவளைக் கடந்தது. டிரைவர் சீட்டிலிருந்து கிதேக்கா அவளைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டினான். அவளும் கைப்பிடியிலிருந்து விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அடுத்த வளைவுக்கு முன் வேன் இடப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. முட்டிசோவின் காதருகே ஹார்ன் நீளமாக அலறியது. அவன் சைக்கிள் ஒரு முறை ஆடியது. வேனின் பின்பகுதி அவன் தோளில் தட்டியது. சைக்கிள் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக முட்டிசோ பள்ளத்தில் விழுந்தான். வேன் நிற்கவில்லை.

வயூவா பள்ளத்தில் இறங்கியபோது அவன் நினைவு தப்பிக் கிடந்தான். ஒரு கால் இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவள் சாலைக்கு ஏறிக் கையை விரித்து நடுவில் நின்று கத்தினாள். வந்து நின்றதும் ஒரு வேன்தான். அந்த டிரைவர் எதுவும் கேட்கவில்லை. "எல்லாரும் இறங்குங்க," என்றான். கோவில் உடுப்பில் இருந்த அத்தனை பேரும் முணுமுணுக்காமல் இறங்கி, முட்டிசோவைத் தூக்கி ஏற்றினார்கள். இடுப்பெலும்பு உடைந்திருந்தது, தொடையும்தான். விழுந்ததைப் பற்றி அவனுக்குப் பிறகு எதுவுமே நினைவு வரவில்லை.

அன்று மாலை அவள் முசெம்பியிடம் முதலில் கேட்டது கிதேக்காவைப் பற்றி அல்ல.

"நீ அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"எப்ப?"

"பேசிக்கிறேன்னு சொன்னியே, அப்ப. சலாம் வைக்காதீங்கன்னா சொன்ன?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"மஞ்சள் ஹெல்மெட் என் வீட்டுக்காரி, அவள மட்டும் விட்டுடுங்கன்னு சொன்னேன்."

"அவள மட்டும்."

"நான் வேற என்னடி சொல்ல முடியும்? ஸ்டாண்டுக்கு நான் போதகரா?"

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் போட்டாள். இதை மறுநாள் என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போலீஸ் வந்து விசாரித்தது. எல்லாரும் வெள்ளை வேன் என்றார்கள். அந்தச் சாலையில் எல்லா வேனும் வெள்ளைதான். ஓட்டியவனைப் பார்த்தவள் வயூவா ஒருத்தி, அவள் அன்று பெயர் சொல்லவில்லை. அவள் பார்த்தாள் என்பது ஸ்டாண்டுக்கும் தெரியும், ஏனென்றால் கிதேக்காவே சொல்லியிருந்தான். அவளுக்குத்தான் கை காட்டினானே.

யாரும் அவளை மிரட்டவில்லை. வேலைதான் நின்றது. அவள் நாற்காலிக்கு வரும் தலைகளில் பாதி டிரைவர்களின் மனைவிகள், கண்டக்டர்களின் அக்கா தங்கைகள். ஒவ்வொருத்தியாக வராமல் போனார்கள். கடை வாசலில் சாய்த்திருந்த சைக்கிளின் இரண்டு டயரையும் யாரோ பட்டப்பகலில் நீளமாகக் கிழித்திருந்தார்கள். நான் தையல் மெஷினில் குனிந்திருந்தேன், பார்க்கவில்லை. டிரைவர் சங்கத் தலைவர் முசெம்பியைக் கூப்பிட்டு, "உன் வீட்டை நீ பார்த்துக்கோ, ஸ்டியரிங்கை நாங்க பார்த்துக்கிறோம்," என்றார். வயூவா வாயைத் திறந்தால் அவனுக்கு வேன் இல்லை என்பது முசெம்பிக்குப் புரியாதா?

ஒரு மதியம் கலுண்டே வந்தாள். கிதேக்காவின் மனைவி. கடைசிப் பிள்ளையை முதுகில் கட்டியிருந்தாள். எதுவும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தாள்.

"பின்னி விடு."

வயூவா சீப்பை எடுத்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் நீண்ட நேரம் சீப்பு இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"இவன் யார் மடியில பொறந்தான்?" என்றாள் கலுண்டே.

"என் மடியில."

"தொப்புள்கொடிய எதுல கட்டின?"

"என் தலைத்துணியக் கிழிச்சு."

"இவன் அப்பன உள்ள அனுப்பப் போறியா?"

சீப்பு மறுபடி இழுபட்டது.

"அவர் கொலைகாரர் இல்ல, கசீவா அம்மா. சின்னப் பிள்ளை மாதிரி வெளையாட்டு புத்தி. உனக்குத் தெரியும். முட்டிசோ உயிரோடதான இருக்கான்? ஆஸ்பத்திரிக்கு நான் கஞ்சி கொண்டு போறேன். மாசக்கணக்கா வேணும்னாலும் கொண்டு போறேன்."

"தலைய ஆட்டாத. வகிடு கோணலாப் போகும்."

"பதில் சொல்லு."

"நாளைக்குக் காலைல போறேன் கலுண்டே. உன்கிட்ட மறைச்சுட்டுப் போக மாட்டேன்."

கலுண்டே எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. பாதித் தலையோடு எங்கே போவாள்? வயூவா கடைசிப் பின்னல் வரை பின்னி, நுனிகளைச் சுடுநீரில் முக்கி, துடைத்துவிட்டாள். குழந்தை விழித்து அழுதது. கலுண்டே தலைத்துணியைக் கட்டாமலே வெயிலில் இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை வயூவா கடையைத் திறக்கவில்லை. நான் அவளோடு நடந்தேன். தனியாக அனுப்ப மனமில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு வேன் ஸ்டாண்டு வழியாகத்தான் போக வேண்டும். கூவிக்கொண்டிருந்த கண்டக்டர்கள் எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். கிதேக்கா தன் வேனின் கதவில் சாய்ந்து நின்றான். முசெம்பி நாலு வண்டி தள்ளித் தன் சீட்டில் உட்கார்ந்திருந்தான், இறங்கவில்லை.

வயூவா கிதேக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"நான் போறேன். நீயும் வா. நீயே சொன்னா அது வேற."

"நான் அவன இடிக்கவே இல்ல. அவனாத்தான் விழுந்தான்."

"வேன் தோள்ல பட்டத நான் பார்த்தேன்."

"பட்டிருக்கும். ஓரமா ஓட்டத் தெரியாதவன் எதுக்கு ரோட்டுக்கு வர்றான்?" அவன் குரல் உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது. "உன்ன விட்டேன்ல? விலகித்தான போனேன்? கைகூடக் காட்டினேனே. உனக்கு என்ன கொறை வச்சேன், சொல்லு!"

அவன் அதை நிஜமாகவே கேட்டான். அவன் கண்ணில் அந்த ஆச்சரியம் தெரிந்தது. வயூவா என் கையைப் பிடித்தாள். திரும்பி நடந்தாள். எங்கள் முதுகில் ஒரு வேன் ஹார்ன் நீளமாக அலறியது. இன்னொன்று சேர்ந்தது. பிறகு ஸ்டாண்டு முழுக்க அலறியது. "திரும்பிப் பார்க்காத," என்றாள். அவள் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்த தடம் அன்று முழுக்க இருந்தது.

ஸ்டேஷனில் ஒரு சார்ஜென்ட் இருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"சரிம்மா. வளைவுல ஒரு வேன், ஒரு சைக்கிள். பட்டுடுச்சு. இது தினமும் நடக்குறது. வேணும்னே பண்ணினான்னு நீ எப்படிச் சொல்ற?"

"அத ஒரு விளையாட்டா வச்சிருக்காங்க சார். சலாம்னு பேரு."

"யாரு சொன்னா?"

"ஊருக்கே தெரியும்."

"ஊரு வந்து கையெழுத்துப் போடுமா?" என்றார் அவர். "நீ சைக்கிள் ஓட்டுறவ. விழுந்தவன் உன் கூட்டாளி. டிரைவர் வக்கீல் வச்சா முதல் கேள்வி அதுதான்."

வாசலில் நிழல் விழுந்தது. முசெம்பி. கையில் வேன் சாவி. அவ்வளவு பெரிய ஆள், கதவருகில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றான்.

"சார், சலாம்னா என்னன்னு நான் சொல்றேன்."

"நீ யாரு?"

"இவ புருஷன். மிட்டாபோனி லைன் டிரைவர்." அவன் வயூவாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினான். "கிதேக்காவுக்கு அதச் சொல்லிக் குடுத்ததே நான்தான். கண்ணாடிய எவ்ளோ நெருக்கமாக் கொண்டு போகணும், எப்ப ஹார்ன அழுத்தணும், எல்லாம். நான் கொஞ்சமாவா வச்சிருக்கேன்? ஒரு தடவ பால் கேன் கட்டிட்டு ஒரு ஆள் போனாரு. வச்சேன். கண்ணாடியில பார்த்தப்ப ரோடெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. ஆளத் தேடினேன், தெரியல. நான் நிக்கல சார். அன்னிக்கு டீக்கடையில அதச் சொல்லித்தான் சிரிச்சோம்."

சார்ஜென்ட் பேனாவை எடுத்தார். நான் வயூவாவைப் பார்த்தேன். அவள் தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறிமுகமில்லாத ஒரு ஆளைப் பார்ப்பதுபோல.

கிதேக்காவை அன்றே பிடித்தார்கள். வழக்கு இழுத்தது. கடைசியில் அவனே ஒத்துக்கொண்டான். சில மாதம் உள்ளே இருந்தான், லைசென்ஸ் போனது. இப்போது கிடுய் பக்கம் மாமனார் ஊரில் இருக்கிறான் என்கிறார்கள். கலுண்டே போகும்போது வயூவாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையை அதற்குப் பிறகு வயூவா பார்த்ததில்லை. அதைப் பற்றி மட்டும் அவளிடம் பேச்செடுக்க எனக்கு இன்னும் பயம்.

முசெம்பியிடமிருந்து வேன் முதலாளி அன்று மாலையே சாவியை வாங்கிக்கொண்டார். அந்த ஸ்டாண்டில் வேறு யாரும் அவனுக்கு வண்டி தரவில்லை. வெகுநாள் வீட்டில் இருந்தான். பிறகு ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடப் பஸ் கிடைத்தது. முட்டிசோ கைத்தடியோடு கோர்ட் வேலைக்குத் திரும்பினான். சைக்கிளை விற்றுவிட்டான்.

வயூவா புருஷனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை. ஒரு நாள் அவனே வந்து கேட்டானாம். "அந்தப் பால்காரரத் தேடிப் போலாமா? எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு."

போனார்கள். பலரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தது, மலைக்கு மேலே மாமரங்கள் சூழ்ந்த வீடு. பால்காரப் பெரியவர் பசுவுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். முசெம்பி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவர் அரிவாளைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"பால் கொட்டினதா? நான் மூணு நாலு தடவ விழுந்திருக்கேன்ப்பா. நீ எந்தத் தடவ?"

முசெம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரியவர், "சரி, வந்துட்டீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க," என்று உள்ளே குரல் கொடுத்தார். முசெம்பி டம்ளரை வாங்கினான், குடிக்க முடியவில்லை என்று வயூவா சொன்னாள். இறங்கி வரும் வழியில்தான் அவள் அவனோடு பேசத் தொடங்கினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூட்டம் இன்னும் போகிறது. இப்போது முன்னால் போவது வயூவா. சலாம் கொஞ்ச காலம் நின்றிருந்தது. புதுப் பையன்கள் ஸ்டியரிங்குக்கு வந்த பிறகு எங்காவது ஒன்றிரண்டு நடப்பதாகக் கேள்வி. இறக்கத்தில் பின்னால் வேன் சத்தம் கேட்டால் தோள்பட்டை கல்லாகிவிடுகிறது என்கிறாள்.

"அப்புறம் எதுக்குடி போற?" என்றேன்.

"வேன் கடந்து போனதும் தோள் இறங்குது பாரு," என்றாள், ஒரு பெண்ணின் தலையில் வகிடு எடுத்துக்கொண்டே. "அதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் இறக்கம் மிச்சம் இருக்கும்."